டவர் பாறைப் படைத்தலைவர்

"நம்ம ஜனத்துக்கு ரசிக்கவே தெரியில அண்ணி."

எங்கள் வீட்டில் சேவல் கூவியதற்கு அடுத்தபடியாகத் தினமும் கேட்கிற குரல் இது. புளியில் கொட்டை எடுக்கிற மாசத்தில் கொட்டையோடு கொட்டையாகக் கேட்பேன். சாமை புடைக்கிற மாசத்தில் உமியோடு உமியாகக் கேட்பேன். சொல்கிறவர் என் கொழுந்தனார் தாண்டவராயன். வயது நாற்பத்து நான்கு. புதூர்நாட்டுக்கும் திருப்பத்தூருக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டுகிறார். சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். ஒரு பெருமூச்சு விடுவார், காப்பியைக் குடிப்பார், டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஜீப்பை எடுக்கப் போய்விடுவார். ஜனத்துக்கு ரசிக்கத் தெரியவில்லையாம். குடித்த டம்ளரைக் கழுவத் தெரியாதவர் சொல்கிறார்.

ரசிகர்களில் பல வகை உண்டு. பாட்டைக் கேட்டால் கண் கலங்குகிறவர், குளிக்கும்போது மட்டும் பாடுகிறவர், வார்த்தை தெரியாமல் முனகுகிறவர். இவர்களால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. நான் சொல்ல வந்தது வேறொரு இனம். இந்த இனத்துக்குக் காது இரண்டும் சும்மா ஒட்டவைத்தது. பாட்டு ஓடும்போது இவர் பாட்டைக் கேட்கமாட்டார். நீங்கள் கேட்கிறீர்களா, கேட்டால் தலையை ஆட்டுகிறீர்களா, ஆட்டினால் சொன்ன நேரத்தில் ஆட்டுகிறீர்களா என்று உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். இவருக்கு ரசிகப் படைத்தலைவர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

நீங்கள் பார்க்காத ஆள் இல்லை. கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கைதட்டல் பத்தலை, பத்தலை என்று சாப்பிட்ட கையோடு நம்மைத் தட்டவைப்பாரே, அவர் இவருக்கு அண்ணன். கோயில் பஜனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவளின் வாய் அசையவில்லை என்று முதல் வரிசையிலிருந்து திரும்பிப் பார்ப்பாளே ஒருத்தி, அவள் இவருக்கு அக்கா. ஆனால் அவர்களெல்லாம் பழைய மாடல். எங்கள் வீட்டில் இருப்பது கம்பெனியில் இருந்து நேராக வந்த புது மாடல்.

கம்பெனியைப் பற்றிச் சொல்லவேண்டும். எஃகுவான் என்று ஒரு கம்பெனி. அவர்கள் ஐந்து பிள்ளைகளைப் பிடித்து, ஆளுக்கொரு நிறத்தில் தலைக்குச் சாயம் பூசி, செந்தும்பி என்று ஒரு பாட்டுக் குழு நடத்துகிறார்கள். பாட்டு மோசம் என்று சொன்னால் எனக்கு நாக்கு அழுகிவிடும். நல்ல பாட்டுதான். கேட்டால் இடுப்பு தானாக அசைகிறது. ஆனால் பாட்டோடு விட்டார்களா? ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே ஒரு கதை ஓடுகிறது. ஆணைபுரம் என்று ஒரு ஊராம். அங்கே அரசாங்கம் கிடையாது, கம்பெனிதான். போலீஸ் கிடையாது, கம்பெனியின் பட்டாளம்தான். காலையில் சங்கு ஊதினால் எழவேண்டும், மறுபடி ஊதினால் சிரிக்கவேண்டும். பாட்டுக்கூட ரேஷன் கார்டில்தான் கிடைக்கும், தினம் கால் மணி நேரம். நேரம் கெட்ட நேரத்தில் யாராவது முனகினால் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த ஊரில் சாக்கடைக்குக் கீழே ஒளிந்துகொண்டு, யாரையும் கேட்காமல், இஷ்டத்துக்குப் பாடுகிற ஐந்து பேர்தான் செந்தும்பி.

புரிகிறதா? யார் உத்தரவுக்கும் பாடமாட்டோம் என்று ஐந்து பேர் பாடுகிறார்கள். அந்தப் பாட்டை உத்தரவு போட்டுக் கேட்கவைக்கிறார் என் கொழுந்தனார். இதில் எங்கே இடிக்கிறது என்று எனக்கும் உங்களுக்கும் தெரிகிறது. அவருக்குத் தெரியாது. தெரிந்துவிட்டால் அப்புறம் அவர் அந்த இனமே இல்லை.

முதலில் அந்தப் பாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தது அவர் இல்லை, அவர் மகள் அபிநயா. பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் சீட்டுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கிற பிள்ளை. எங்கள் பக்கத்துக் குக்கிராமங்களிலிருந்து ஒரு பெண் நர்சிங் போனாள் என்று இதுவரை இல்லை. பள்ளிக்கூடத்து அருள்மணி சார்தான் அவளுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்தவர். அந்தப் பிள்ளை ஒரு காதில் மட்டும் வயரை மாட்டிக்கொண்டு ஆட்டுக்குத் தழை ஒடிப்பாள். பாட்டு பிடித்த இடத்தில் கால் ஒரு தட்டு தட்டும். அவ்வளவுதான் அவள் ரசனை. தழைக் கட்டும் குறையாது, பாட்டும் குறையாது.

அப்பன் அதைப் பார்த்துவிட்டார். ஒரு நாள் ஐந்து பேரில் உனக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டார். நீல முடிக்காரப் பெண்ணை என்றாள். பாவம், அங்கேதான் பிடித்தது சனி. அன்றைக்கு ராத்திரியே ஐந்து பேரின் பிறந்த நாள், உயரம், எந்த ஆல்பத்தில் எந்தப் பாட்டு, ஆணைபுரத்தில் எந்தத் தெருவில் என்ன நடந்தது என்று நோட்டு போட்டு எழுதிக் கொடுத்தார். சோற்றுத் தட்டின் முன்னால் கேள்வி கேட்டார். தப்பாகச் சொன்னால் ரசம் வராது. இரண்டே மாசத்தில் அந்தப் பிள்ளை எல்லாப் பாட்டையும் செல்ஃபோனிலிருந்து அழித்துவிட்டாள். என்னிடம் வந்து சொன்னாள், "அந்தப் பாட்ட கேட்டாலே பரிட்ச ஹாலுல உக்காந்த மாதிரி கீது பெரிம்மா." மகள் இறங்கிப் போன வண்டியில் அப்பன் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கம்பெனி ஒரு ஆப் வைத்திருக்கிறது. அதில் சேர்ந்தால் சிப்பாய். ஆள் சேர்த்தால் நாயக். அதற்கப்புறம் ஹவில்தார், சுபேதார். எல்லாவற்றுக்கும் மேலே மேஜர். என் கொழுந்தனார் சுபேதார் வரைக்கும் விறுவிறுவென்று ஏறிவிட்டார். தோளில் பட்டி வைத்த சாம்பல் நிறச் சட்டை ஒன்று தபாலில் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் தெருவில் இறங்கினார். காட்டிலிருந்து சுள்ளி சுமந்து வந்துகொண்டிருந்த நாலு பெண்கள் ஃபாரஸ்ட்காரர்தான் வந்துவிட்டார் என்று கட்டுகளைப் போட்டுவிட்டு ஓடிப்போனார்கள். நான் போய் அவர்களைச் சமாதானம் செய்து கூட்டிவந்தேன். அவருக்கு அது கௌரவமாகப் போயிற்று. "பாத்தீங்களா அண்ணி, யூனிஃபாரம்னா அந்த மரியாத," என்றார்.

சட்டையோடு ஒரு லைட்டுக் குச்சியும் வந்தது. கம்பெனி எங்கேயோ உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால் இங்கே எங்கள் வீட்டில் இது நிறம் மாறும். கரண்டு போனபோது அதை எடுத்துக்கொண்டு ஆட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள் அவர் மனைவி வடிவு. பாதியில் கம்பெனிக்கு என்ன தோன்றிற்றோ, குச்சி இரத்தச் சிவப்பாகி மினுக் மினுக்கென்றது. ஆடுகள் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டன. அன்றைக்கு அவை தண்ணியும் குடிக்கவில்லை, மறுநாள் வடிவைக் கிட்டேயும் சேர்க்கவில்லை.

ஜீப்பில் ஏறுகிறவர்கள் பாடு இதைவிட மோசம். மலையில் பஸ் குறைச்சல் என்பதால் அவர் ஜீப்பை விட்டால் வேறு வழி கிடையாது. அதுதானே ஒரு படைத்தலைவருக்கு வேண்டியது, இறங்க முடியாத ஜனம். ஏறினவுடன் பாட்டைப் போடுவார். ஏழாவது கொண்டை ஊசி வளைவில் கோரஸ் வரும்படி கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார். கோரஸ் வந்தால் எல்லோரும் வலது கை முஷ்டியைத் தூக்கவேண்டும். கண்ணாடியில் பார்த்து எண்ணுவார். எண்ணிக்கை குறைந்தால் வண்டி ஓரமாக நிற்கும். பலாப்பழக் காலத்தில் மங்கம்மாள் கிழவி மடியில் பழத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோரஸ் வந்தது. கை தூக்கினாள். வளைவில் பழம் மடியை விட்டு இறங்கி, பின்கதவு வழியாகக் குதித்து, மலைச்சரிவில் தன் வழியே போய்விட்டது.

"டேய் தாண்டவராயா," என்றாள் மங்கம்மாள், "பாட்டு நல்லாத்தான் கீது. கைய தூக்கிக்கினா பழத்த யாரு புடிக்கிறது, உங்க கம்பெனிக்காரனா?"

அவர் பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கையை இன்னும் ஒரு சாண் உயர்த்தியிருக்கலாம் என்றார்.

இந்த இனத்தின் பேச்சில் மூன்றே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வரும். ரூல்னா ரூல். கட்டுப்பாடு வேணும். மேல இருந்து வந்துகீது. இந்த மூன்றாவதுதான் பிரம்மாஸ்திரம். மேலே என்றால் எங்கே, யார், என்ன பெயர், ஒன்றும் தெரியாது. செல்ஃபோன் டிங் என்றால் மேலே இருந்து வந்தாயிற்று. ஒரு நாள் நான் முறத்தைத் தட்டிக்கொண்டே அம்மன் பாட்டை வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தேன். வந்து நின்று, இந்த வாரம் முழுக்க நம்ம பாட்டு மட்டும்தான் அண்ணி, மேலே இருந்து வந்திருக்கிறது என்றார். உங்கள் கம்பெனி என் முறத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்கப்போகிறதா என்று கேட்டேன். கேட்காது, ஆனால் கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறதில்லையா என்றார். முறத்திலிருந்த உமியை அவர் பக்கமாகப் புடைத்தேன். அன்றைக்குக் காற்று நல்ல பக்கம் அடித்தது.

இப்படியே போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் மேஜர் ஆசை வந்தது.

மேஜர் ஆவதற்கு ஒரே வழி. புதுப் பாட்டு வெளிவருகிற நாளில் நாற்பது செல்ஃபோனில் இருபத்து நாலு மணி நேரம் நிற்காமல் அந்தப் பாட்டு ஓடவேண்டும். ஒன்று நின்றாலும் நாற்பதும் செல்லாது. புதன்கிழமை காலை பதினோரு மணிக்குப் பாட்டு. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே இவர் வீடு வீடாகப் போய் ஃபோன்களை வாங்கினார். கொடுத்தவர்களுக்குத் திருப்பத்தூர் போக வர ஜீப்பில் முன் சீட்டு என்றார். முன் சீட்டுக்கு ஆசைப்படாத மனுஷர் உண்டா? மங்கம்மாள்கூட, கேரளாவில் வேலை செய்கிற மகன் பேசுவதற்காக வாங்கிக்கொடுத்த ஃபோனை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அபிநயா மட்டும் தயங்கினாள். இந்த வாரத்தில் லிஸ்ட் வரலாம், சார் சொல்லியிருக்கிறார் என்றாள். வந்ததும் இந்த ஃபோனுக்கே வருகிற ஓடிபியைப் போட்டு அமுக்கிச் சீட்டை ஒத்துக்கொள்ளவேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்பன் அவள் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டு, "உன் ஃபோனுக்கு நானே காவலு. மெசேஜ் வந்தா மொத ஆளா ஓடியாரேன்," என்றார்.

எங்கள் ஊரில் டவர் நிலையாக எடுக்கிற இடம் ஒன்றே ஒன்று, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற பாறை. வீட்டில் எப்போதாவது ஒரு டிங் விழுந்தால் அதிகம். டவர் பாறை என்றே பெயர். பேசவேண்டியவர்கள் அங்கே ஏறித்தான் பேசவேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் பாறை மேல் நின்று பேசும்போது மற்றவர்கள் கீழே முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கவேண்டும். கடன்காரனிடம் கெஞ்சுவாள் ஒருத்தி, புருஷனிடம் சண்டை போடுவாள் ஒருத்தி. நம் காதில் விழும். ஆனால் முகம் பார்க்கமாட்டோம். யார் என்ன பேசினாலும் யாரும் திரும்பியது கிடையாது. சுவர் இல்லாத ஊரில் முதுகுதான் சுவர்.

அந்தப் பாறையில்தான் அவர் படையை இறக்கினார். கோணியை விரித்து எட்டு எட்டாக ஐந்து வரிசை. ஜீப்பிலிருந்து வயர் இழுத்து எல்லாவற்றுக்கும் சார்ஜ். பார்க்க ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று உறைகளைக் கழற்றிப்போட்டு, எல்லாவற்றுக்கும் நீல டேப்பைச் சுற்றி, நம்பர் ஒட்டினார். மங்கம்மாளின் ஃபோனில் இருந்த முருகன் படம்கூட டேப்புக்குள் போயிற்று. நடுவில் யாராவது கூப்பிட்டால் பாட்டு நின்றுவிடும் என்று, கூப்பிடுவதோ மெசேஜோ எதுவும் உள்ளே எட்டிப்பார்க்காதபடி நாற்பதையும் தன் கையாலேயே அமுக்கி அடைத்தார். நாற்பதும் என்றால் நாற்பதும். அபிநயாவின் ஃபோன் உட்பட. மொத ஆளா ஓடியாரேன் என்றவர் தலைக்குள் அது ஏறவே இல்லை. ரூல்னா ரூல்.

புதன்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு அருள்மணி சார் பைக்கில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தார். வேலையாகத் திருப்பத்தூர் போனவர் அங்கேயிருந்து நேராக வருகிறார். வடிவும் நானும் வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தோம். நேற்றுச் சாயங்காலமே லிஸ்ட் வந்துவிட்டது, அபிநயாவுக்கு அரசாங்கக் காலேஜில் இடம், இன்றைக்கு ஐந்து மணிக்குள் அமுக்கவேண்டும், காலையிலிருந்து பதினாலு தடவை கூப்பிட்டேன், மணி அடிக்கவே இல்லையே என்றார். அபிநயா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே வந்தவள் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

பாறைக்குக் கீழே பத்துப் பதினைந்து பேர் முறைப்படி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாளிலிருந்து பேச முடியாமல் காத்திருக்கிறவர்கள். மேலே படைத்தலைவர் சாம்பல் சட்டையோடு, கையில் குச்சியோடு, வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். நாற்பது ஃபோனிலும் ஒரே பாட்டு, நாற்பது விதமாக முன்னும் பின்னும். கேட்க எப்படி இருந்தது என்கிறீர்களா? நாற்பது பேர் ஒரே சமயத்தில் வாய் கொப்பளிக்கிற மாதிரி இருந்தது.

விஷயத்தைச் சொன்னோம். அவர் முகம் வெளுத்தது. அதை மறைக்காமல் சொல்கிறேன், வெளுக்கத்தான் செய்தது. பெற்ற மகள். அவள் நர்சாகவேண்டும் என்று அவருக்கும் ஆசை இல்லாமலா? வேறு எந்த அப்பனாக இருந்தாலும் அந்த ஃபோனைப் பிடுங்கிக் கொடுத்திருப்பான். இவர் என்ன செய்தார் தெரியுமா? ஆப்புக்கென்று சட்டைப்பையில் தனியாக வைத்திருந்த இன்னொரு ஃபோனை எடுத்தார். ஆப்பைத் திறந்தார். குனிந்து உட்கார்ந்து, ஒரு ஃபோனுக்கு அரை மணி நேரம் விடுப்பு வேண்டும் என்று கம்பெனிக்கு விண்ணப்பம் எழுதினார்.

"மேல கேட்டுகீறேன். பதில் வரட்டும்," என்றார்.

நான் என் ஆயுளில் அந்த மாதிரிக் கோபப்பட்டது கிடையாது. அபிநயாவின் ஃபோன் எது என்று தெரிந்திருந்தால் நானே பிடுங்கியிருப்பேன், நாற்பதும் ஒரே நீலம். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன், அதை இங்கே எழுதினால் அச்சுப் போடமாட்டார்கள். வடிவு அழுதாள். சார் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலு ஆயிற்று. நாலு பத்து. டிங் என்றது. படைத்தலைவர் படித்தார். உங்கள் உணர்வை மதிக்கிறோம் சுபேதார், தொடர்ந்து முன்னேறுங்கள் என்று இருந்தது. மெஷின் எழுதின பதில், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவர் அதை இரண்டு தடவை படித்தார். சாங்ஷன் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை, இன்னொரு தரம் கேட்டுப்பார்க்கிறேன் என்று மறுபடி குனிந்தார்.

அபிநயா இப்போது பாறை மேல் ஏறி, அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. பரிட்சையில் கேள்வி கேட்கிற குரலில் கேட்டாள்.

"ரெண்டாவது ஆல்பம், நாலாவது பாட்டு. ஒரு பொண்ணு சாவக் கெடக்கிற அவங்கம்மாவ பாக்க உடுங்கன்னு கம்பெனி வாசலாண்ட வந்து நிக்கும். வாசல்ல கீற கம்பெனி ஆளு, மேல கேட்டுச் சொல்றேன், பதில் வரட்டும்பான். அவன் பேரு இன்னாப்பா?"

தாண்டவராயனுக்கு அந்தப் பெயர் தெரியும். தலைகீழாகத் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லாததற்காகத்தான் ஒரு ராத்திரி அந்தப் பிள்ளைக்கு ரசம் ஊற்றவில்லை.

"நீதான மனப்பாடம் பண்ண வச்ச. சொல்லு."

அப்போதுதான் நான் பார்த்தேன். கீழே உட்கார்ந்திருந்தவர்களில் மங்கம்மாள் கிழவி திரும்பியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவனும் திரும்பினான். ஒவ்வொரு முதுகாகத் திரும்பி எல்லாம் முகமாயிற்று. டவர் பாறையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. நாற்பது ஃபோன் பாடுகிறது, பதினைந்து பேர் பார்க்கிறார்கள்.

"பதினேழு," என்றார் அவர். மகள் ஃபோனின் நம்பர்.

அபிநயா பதினேழை எடுத்து டேப்பைப் பிய்த்தாள். பாட்டை நிறுத்தினாள். மணி நாலு இருபத்தைந்து. நாற்பதில் ஒன்று போயிற்று, மேஜர் பதவியும் அதோடு போயிற்று. சரி, முடிந்தது என்று மூச்சு விடப்போனேன். முடியவில்லை. பக்கம் திறக்கவில்லை. ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சார் எட்டிப் பார்த்துவிட்டு, மீதி முப்பத்தொன்பதும் டவரை உறிஞ்சுகிறதே, இது எப்படித் திறக்கும் என்றார்.

மங்கம்மாள் எழுந்து வந்தாள். "என்னுது எது?" என்றாள். முப்பத்தொன்று என்றார் படைத்தலைவர். கிழவி அதை எடுத்து, எப்படி நிறுத்துவது என்று தெரியாமல், முந்தானைக்குள் முடிந்துகொண்டாள். முந்தானைக்குள்ளும் பாடியது. நான் பிடுங்கி நிறுத்தினேன். அடுத்தவன் வந்தான், என்னுது எது என்றான். நாலு. அடுத்தவள் வந்தாள். இருபத்தாறு. அவர் ஒவ்வொரு நம்பராகச் சொல்லிக்கொண்டே வந்தார், பட்டாளத்தைக் கலைக்கிறவர் மாதிரி. வந்திருந்தவர்கள் தங்களுடையதை எடுத்து நிறுத்தினார்கள், வராதவர்களுடையதை நானும் வடிவும் எடுத்து நிறுத்தினோம். சத்தம் குறையக் குறைய அந்தப் பாட்டு என்ன பாட்டு என்று எனக்கு முதல் தடவையாகக் கேட்டது. பரவாயில்லை, நல்ல பாட்டு.

கடைசியில் ஒன்றே ஒன்று பாடிக்கொண்டிருந்தது. நம்பர் ஒன்று, அவருடையது. மணி நாலு ஐம்பத்தொன்று. வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் அந்த ஃபோனைக் கையில் எடுத்து, பாட்டு கோரஸுக்கு வருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். வந்தது. நிறுத்தினார்.

பக்கம் திறந்தது. ஓடிபி வந்தது. நாலு ஐம்பத்து நாலுக்கு அபிநயா அமுக்கினாள். பச்சை நிறத்தில் ஒரு டிக் விழுந்தது. கீழே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லோரும் ஒன்றாகத் திரும்பி, முறைப்படி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள். பெண் அழுகிறாள், பார்க்கக்கூடாது என்று.

சாயங்காலமே கம்பெனியிலிருந்து டிங் வந்தது. சுபேதார் சிப்பாய் ஆனார். மூன்று நாள் காலையில் ஒன்றும் பேசாமல் காப்பி குடித்தார். எனக்கே காப்பியில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. நாலாம் நாள் பெருமூச்சு விட்டார். "காலேஜ் பேரண்ட்ஸ் குரூப்புனு ஒண்ணு ஆரம்பிச்சிகீறாங்க அண்ணி. காலைல ஒருத்தரும் வணக்கம் போடறதில்ல. கட்டுப்பாடே இல்ல." திருந்திவிட்டார் என்று நினைத்தவர்கள் கையைத் தூக்குங்கள். நானும் நினைத்தேன்.

அபிநயாவைக் காலேஜில் விடுவதற்கு அவர் ஜீப்பிலேயே போனோம். அவள் மடியில் டிரங்குப் பெட்டி. எதிரில் மங்கம்மாள், ஒரு கையில் கோழியைப் பிடித்துக்கொண்டு. ஓரத்தில் திருப்பத்தூர்க்காரர் ஒருவர், மலைக்குத் தேன் வாங்க வந்துவிட்டுத் திரும்புகிறவர். பாட்டு மெதுவாக ஓடிற்று. டிரைவர் ஒரு உத்தரவும் போடவில்லை. பாறை நாளுக்கு அப்புறம் அவர் அந்த உத்தரவைப் போடுவதே இல்லை. ஏழாவது வளைவு வந்தது, கோரஸ் வந்தது. யாரும் சொல்லாமலே ஜீப்பில் இருந்த கைகள் எல்லாம் மேலே போயின. மங்கம்மாளுடைய முஷ்டிதான் உயரம். தேன்காரர் மட்டும் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தார். கிழவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாப்பா, கை வலிக்குதா?"

என் கை எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். புளி தட்டித் தட்டி எனக்குத் தோள் வலி, அதைத் தளர்த்துவதற்காகத் தூக்கினேன்.

அபிநயாவின் இரண்டு கையும் பெட்டி மேல்தான் இருந்தன. அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் மேல் ஒரு விரல் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது, உதடு பாட்டை முனகிக்கொண்டிருந்தது. அவள் அப்பன் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். கை தூக்காத ஒரு ஆள். வாயைத் திறந்தார். அப்புறம் மூடிக்கொண்டு கியரை மாற்றினார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே ரசனை அதுதான்.

இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்தீர்கள், சந்தோஷம். போன கல்யாணத்தில் எல்லோரும் தட்டும்போது தட்டாதவளைத் திரும்பிப் பார்த்தது யார்? விருந்தாளி வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு, அந்தப் பாட்டைப் பாடு, கையை ஆட்டிப் பாடு என்று பயமுறுத்துவது யார்? நான் பகிர்ந்ததை நீ ஏன் பகிரவில்லை என்று அக்காள் தங்கையோடு மூன்று மாசம் பேசாமல் இருப்பது யார்? நான் பெயர் சொல்லவில்லை. சாம்பல் சட்டை எல்லா அளவிலும் வருகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

சந்தேகம் இருந்தால் ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே புதூர்நாட்டு ஜீப் எது என்று கேட்டால் காட்டுவார்கள். டிரைவர் யார் என்று சட்டையைப் பார்த்தே தெரிந்துகொள்வீர்கள். ஏறி உட்காருங்கள், மங்கம்மாளுக்கு எதிர் சீட்டு கிடைத்தால் நல்லது. ஏழாவது வளைவில் உங்கள் கையைக் கவனியுங்கள். அது கீழேயே இருந்தால் தப்பித்தீர்கள். ஆனால் கையைக் கீழே வைத்துக்கொண்டு, பக்கத்தில் யார் தூக்கவில்லை என்று கண் சுற்றிவந்தால், அப்படியே இறங்கி வீட்டுக்குப் போய், காலையில் குடித்த டம்ளர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.